நன்றிக்கடனும் பதவிப் பொறுப்பும்: தேங்கிநிற்கும் பயிற்றுவிப்பாளர் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பெருந்தெருவில் கட்டுகஸ்தோட்டையைக் கடந்து சென்றால் அக்குறணையை அடையலாம். வணிகத்துக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் மாலை வேளைகளிற் கடைகளின் முன்னே கூடும் இளைஞர் பேசும் பொருள்களுள் உதைபந்தாட்டமும் ஒன்று. கண்டியின் விளையாட்டுப் புகழ் பெரிதும் ரக்பியோடு பிணைந்ததாயினும், வார இறுதி இரவுகளில் இங்கிலாந்து லீக் ஆட்டங்களைத் தொலைக்காட்சியிற் கண்டு, மறுநாள் அவற்றின் நியாய அநியாயங்களை ஆராய்வோர் இங்கு பலர். அவ்வுரையாடல்களில் அடிக்கடி தலைகாட்டும் வினா ஒன்றுண்டு. வெற்றிகளைத் தேடித் தந்த பயிற்றுவிப்பாளர் ஒருவர், இனி ஏறுவதுமின்றி இறங்குவதுமின்றி நின்ற இடத்திலேயே நிற்பாராயின், அவரை மாற்றுவது முறையாகுமா?

விளையாட்டைப் பற்றிய வினாத்தானே என இதனை ஒதுக்கிவிடுதல் தவறு. நீண்டகாலம் நற்பணியாற்றிய பாடசாலை அதிபர், ஒரு சங்கத்தைத் தோற்றுவித்து வளர்த்த தலைவர், ஒரு நாடகக் குழுவுக்குப் பெயர் தேடித் தந்த நெறியாளர், பல்கலைக்கழகத் துறையொன்றைக் கட்டியெழுப்பிய பேராசிரியர் ஆகிய அனைவரைப் பற்றியும் இதே வினா எழுகின்றது. மற்றைய இடங்களில் முணுமுணுப்பாகவே நின்றுவிடும் இவ்வினா, உதைபந்தாட்டத்தில் மட்டும் வெளிப்படையாகக் கேட்கப்படுகின்றது. அங்கே புள்ளிகள் உண்டு, பட்டியல் உண்டு, எவரும் எண்ணிப் பார்க்கலாம். ஆதலின் ஓர் அறவியற் பிரச்சினையைத் தெளிவாகக் காண்பதற்கு அது வாய்ப்பான களமாகின்றது.

இவ்வினா என் மனத்திற் பதிந்தமைக்கு ஒரு காரணமுண்டு. எங்கள் பகுதியின் சிறு கழகமொன்றில் சிறுவர்களுக்கு ஒருவர் பயிற்சியளித்து வந்தார். காலணியின்றி ஓடிய பிள்ளைகளை ஓர் அணியாக்கியவர் அவரே. அவர் வந்த பின்னரே அக்கழகம் மாவட்டச் சுற்றுப்போட்டிகளில் இரண்டாம் சுற்றை எட்டியது. ஆனால், ஆண்டுகள் பல சென்ற பின்னும் அது இரண்டாம் சுற்றோடே நின்றது. அதே ஓட்டம், அதே பந்து கடத்தல், அதே அறிவுரை. எதிரணியினர் எமது ஆட்டத்தை எம்மினும் நன்கு அறிந்திருந்தனர். கழகத்தாருள் எவரும் அவரிடம் வாய்திறந்தாரில்லை. “அவர் செய்ததை மறப்பதா?” என்பதே அனைவரது விடையாயிருந்தது. பின்னர் ஒருநாள் புதியவர் ஒருவரின் பெயர் அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்டது. பழையவர் அதனை ஏனையோருடன் நின்றே வாசித்தறிந்தார். மாற்றம் தவறென்று நான் அன்றும் எண்ணவில்லை, இன்றும் எண்ணவில்லை. எனினும், அப்பலகையின் முன் அவர் நின்ற நிலை, ஏதோ ஓர் அநீதி இழைக்கப்பட்டுவிட்டது என்ற உணர்வை விட்டுச் சென்றது. அவ்வநீதி யாது என்பதை அறியும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் வினாவின் எல்லையை வரையறுத்துக் கொள்வோம். தொடர்ந்து தோற்கும் பயிற்றுவிப்பாளரை மாற்றுவதா என்பதும், தொடர்ந்து முன்னேறுபவரை வைத்துக்கொள்வதா என்பதும் கடினமான வினாக்களல்ல. இடைநிலையே கடினமானது. பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஹந்தானை மலையேறியோர் ஒன்றை அறிவர். செங்குத்தான ஏற்றத்தின் பின் சற்றே சமமான ஒரு தரை வரும். பனிமூட்டம் சூழ்ந்த வேளையில், அதுதான் உச்சியா, அல்லது அடுத்த ஏற்றத்துக்கு முன்னுள்ள இளைப்பாறுமிடமா என்பதை அங்கு நிற்பவராற் சொல்ல இயலாது. தேக்கம் எனப்படுவதும் இத்தகையதே. ஒருவரது ஆற்றலின் எல்லையும், அடுத்த வளர்ச்சிக்கான ஆயத்தமும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

இதற்குப் பொருத்தமான உதாரணம் நமக்கு அண்மையிலேயே, இந்தியன் சூப்பர் லீக்கிற் கிடைக்கின்றது. 2014 இல் தோன்றிய கேரளா பிளாஸ்டர்ஸ் கழகம் அவ்வாண்டிலும் 2016 இலும் இறுதியாட்டத்தை எட்டித் தோற்றது. அதன்பின் நான்கு பருவங்கள் முதற்சுற்றைக் கடக்கவில்லை. 2020-21 பருவத்தில் பதினொரு அணிகளுள் பத்தாவதாக நின்றது. அந்நிலையில், 2021 இல் சேர்பியரான இவான் வுக்கோமனோவிச் பயிற்றுவிப்பாளராகப் பொறுப்பேற்றார். முதற்பருவத்திலேயே அணி இறுதியாட்டத்தை அடைந்தது. 2022 மார்ச்சில் கோவாவில் நடைபெற்ற அவ்வாட்டத்தில் ஹைதராபாத் அணியுடன் 1-1 எனச் சமநிலை கண்டு, பெனால்டி உதைகளில் தோற்றது. அடுத்த இரு பருவங்களிலும் அணி வெளியேற்றுச் சுற்றுக்குத் தகுதிபெற்றது. இரு முறையும் அதன் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. 2023 மார்ச்சில் பெங்களூரு அணிக்கு எதிரான ஆட்டத்தில், எதிரணியினர் விரைந்தடித்த சுயாதீன உதை கோலாக ஏற்கப்பட்டதை எதிர்த்து அவர் தம் அணியைக் களத்திலிருந்து வெளியேற்றினார். அதற்காகப் பத்து ஆட்டங்களுக்குத் தடையும் பெற்றார். 2024 ஏப்ரலில் ஒடிசா அணியிடம் 1-2 எனத் தோற்ற சில நாட்களில் கழகமும் அவரும் பிரிந்தனர். மூன்று பருவங்கள், மூன்று தகுதிகள், கிண்ணமோ ஒன்றுமில்லை. ஏறிய உயரம் பெரிது. ஆயினும் அதற்கு மேல் ஏறவில்லை. தேக்கம் என்னுஞ் சொல்லுக்கு இதனினும் தெளிவான விளக்கம் அரிது.

இத்தகைய நிலையில் இரு குரல்கள் எழுவது இயல்பு. ஒன்று நன்றியின் குரல்: பத்தாமிடத்திலிருந்து தூக்கிவிட்டவரைக் கைவிடுவதா? மற்றையது பொறுப்பின் குரல்: கழகம் ஒருவருக்காக இருப்பதா, ஒருவர் கழகத்துக்காக இருப்பதா? இரு குரலும் அறத்தின் பெயராலேயே பேசுகின்றன. இங்கு மோதுவன அறமும் மறமுமல்ல, இரண்டு அறங்களே. பிரச்சினையின் கடுமை இதிலேயே தங்கியுள்ளது.

இம்மோதலை அவிழ்க்கத் திருக்குறளின் அமைப்பு நமக்கு ஒரு வழியைக் காட்டுகின்றது. செய்ந்நன்றியறிதல் என்னும் அதிகாரம் அறத்துப்பாலில் இல்லறவியலின்கண் வைக்கப்பட்டுள்ளது. ஆளை ஆராய்ந்து தெளிதலையும் அவரவர்க்கேற்ற வினையை ஒப்படைத்தலையும் கூறும் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரங்களோ பொருட்பாலில் அரசியலின்கண் இடம்பெற்றுள்ளன. இவ்வைப்புமுறையிலிருந்து நாம் பெறத்தக்க கருத்தொன்றுண்டு. நன்றி மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான கடன், அதற்கு எல்லையில்லை. பதவியளித்தல் வினை நோக்கிய செயல், அதற்கு எல்லையுண்டு. முதலாவது சென்றதை நோக்குவது. இரண்டாவது வரவிருப்பதை நோக்குவது. சென்ற காலத்துக்கான கடனை எதிர்காலத்தின் பொருளைக்கொண்டு அடைக்க முற்படும்போதே குழப்பம் நேர்கின்றது.

இவ்விடத்தில் நம் ஊர் வழக்கிலுள்ள ஒரு சொல் பெரிதும் துணைசெய்யும். பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்போம். அதனைக் காப்பவர் அதன் உரிமையாளரல்லர். அதிலிருந்து தம் நண்பருக்குப் பரிசளிக்கும் உரிமையும் அவருக்கில்லை. பயிற்றுவிப்பாளர் பதவியும் நிருவாகத்தார் கையிலுள்ள ஓர் அமானிதமே. அது ஆட்டக்காரர்க்கும் ஆதரவாளர்க்கும் உரியது. நிருவாகிகள் தம் நன்றியுணர்வைத் தம் கைப்பொருளால் வெளிப்படுத்தலாம். பிறருடைய பொருளால் வெளிப்படுத்துவது தாராள மனப்பான்மையன்று. அரிஸ்ரோட்டில் தமது அரசியல் நூலில், சிறந்த புல்லாங்குழலை உயர்குடியிற் பிறந்தவருக்கன்றி நன்கு ஊதவல்லவருக்கே கொடுத்தல் வேண்டும் என வாதிட்டார். பிறப்பைப் பற்றி அவர் கூறியதைப் பழம்புகழுக்கும் நாம் பொருத்திப் பார்க்கலாம். நேற்று நன்றாக ஊதியமை இன்றும் ஊதவல்லார் என்பதற்குச் சான்றாகலாம்; உரிமையாகாது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். அவ்வாறாயின் மனிதன் வெறுங் கருவிதானா? கூர் மழுங்கியதும் வீசியெறியத்தக்க கத்தியா? மனிதரை வெறுங் கருவியாக மட்டும் நடத்தலாகாது எனக் கான்ற் வகுத்த நெறி இங்கு மீறப்படுகின்றதன்றோ? இம்மறுப்பு வலுவானது, ஆனால் அது தாக்குவது பதவி நீக்கத்தையன்று, நீக்கும் முறையையே. பதவி முடிந்த பின்னும் மதிப்பு முடியாதிருத்தல் இயலும் என்பதற்கு வரலாற்றிற் சான்றுண்டு. ஏழாம் நூற்றாண்டில் தோல்வியறியாத தளபதி எனப் புகழப்பட்ட காலித் பின் வலீதை, கலீபா உமர் தலைமைத் தளபதிப் பொறுப்பிலிருந்து நீக்கினார். காரணங்களை வரலாற்றாசிரியர் பலவாறு கூறுவர். வெற்றியனைத்தும் ஒரு மனிதராலேயே விளைகின்றது என மக்கள் எண்ணத் தலைப்பட்டமையும் அவற்றுள் ஒன்றாக மரபிற் கூறப்படுகின்றது. நாம் கருதத்தக்கது, அதன் பின் நிகழ்ந்தது. காலித் தமக்குப்பின் தலைமையேற்ற அபூ உபைதாவின் கீழ் நின்று தொடர்ந்து போரிட்டார். பதவியும் மதிப்பும் வேறுவேறு என்பதை நீக்கப்பட்டவரே உணர்ந்திருந்தார் எனல் வேண்டும். அவ்வுணர்வை எல்லாரிடமும் எதிர்பார்த்தல் தகாது. எனினும் அதற்கு இடந்தரும் சூழலை உருவாக்குதல் நீக்குவோர் கடன்.

நன்றி ஒன்றினாலேயே பதவியை நீட்டித்தல் ஆகாது என்பது இதுவரை பெற்ற முடிபு. ஆயின் மாற்றமே சரியானதென்று இதிலிருந்து முடிவுகட்டுதல் அவசரமாகும். தேக்கம் யாருடையது என்ற வினா இன்னும் எஞ்சியுள்ளது.

கேரளத்து உதாரணத்தையே மீண்டும் நோக்குவோம். இறுதியாட்டத்தை எட்டிய பருவம் முடிந்ததும் அவ்வணியின் முன்னணி வீரர்களான வாஸ்கெஸ், பெரேரா டயஸ் ஆகிய இருவரும் வேறு கழகங்களுக்குச் சென்றனர். 2023 இல் நடுக்கள வீரர் சஹல் அப்துல் சமத் மோகன் பகானுக்குப் பெயர்ந்தார். 2023 இறுதியில் அணித்தலைவர் அட்ரியன் லூனா காயமுற்று நீண்டகாலம் விலகியிருந்தார். அடித்தளம் ஆண்டுதோறும் கரைந்துகொண்டிருக்க, அணியை அதே உயரத்தில் நிறுத்திவைத்தல் தேக்கமா, சாதனையா? மழைக்காலத்தில் பிங்கா ஓயா பெருக்கெடுத்து அக்குறணைக் கடைத்தெருவினுள் புகும்போது, பொருள்களை மேலே ஏற்றி, நீர் வடிந்ததும் கழுவி, மீண்டும் பழையபடி கடை திறக்கும் வணிகரை, ஒரு முன்னேற்றமும் காணாதவர் என எவருங் குறைகூறுவதில்லை.

ஆர்சனல் கழகத்தின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1996 இல் பொறுப்பேற்ற ஆர்சேன் வெங்கர் 1998, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் லீக் வெற்றியைத் தேடித் தந்தார். 2003-04 பருவத்தில் ஒரு லீக் ஆட்டத்திலேனும் தோல்வி காணவில்லை. அதன்பின் அவர் காலத்தில் லீக் வெற்றி கிட்டவேயில்லை. எனினும் 2016 வரை அணி முதல் நான்கு இடங்களுக்குக் கீழே இறங்கவுமில்லை. 2006 இல் புதிய மைதானத்துக்குப் பெயர்ந்த கழகம் அதன் கடன்சுமையைத் தாங்கிய ஆண்டுகள் அவை. அத்தேக்கத்தில் ஒரு பகுதி பயிற்றுவிப்பாளருடையது. ஒரு பகுதி கணக்கேட்டினுடையது. 2017 இல் ஐந்தாமிடத்துக்கும் அடுத்த பருவத்தில் ஆறாமிடத்துக்கும் இறங்கியபோது, சுமை குறைந்த பின்னும் ஏற்றம் இல்லை என்ற வாதம் வலுப்பெற்றது. 2018 இல் அவர் விலகினார்.

மாற்றத்தின் பயனைப் பற்றி நிலவும் நம்பிக்கையையும் சோதித்தல் வேண்டும். நெதர்லாந்தின் உதைபந்தாட்டக் கழகங்களை 1986 முதல் 2004 வரையான காலத்துக்கு ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் டெர் வீல், பயிற்றுவிப்பாளரை மாற்றிய அணிகள் பின்னர் முன்னேறியது உண்மையே எனினும், அதே சரிவைக் கண்டும் மாற்றாதிருந்த அணிகளும் அவ்வாறே மீண்டன எனக் காட்டினார். பள்ளத்தில் வீழ்ந்தது தானே மேலெழும்போது, அருகில் நின்றவர் கைதூக்கி விட்டதாக எண்ணிக்கொள்கின்றோம். அவ்வாய்வு சரிவைப் பற்றியதேயன்றித் தேக்கத்தைப் பற்றியதன்று; ஆயினும், ஆளை மாற்றினால் அனைத்தும் மாறும் என்னும் எண்ணத்தை அது ஐயத்துக்குள்ளாக்குகின்றது.

இனி, விளைவைக் கொண்டே முடிவின் நியாயத்தை அளக்கலாமா என்பதையும் ஆராய்தல் வேண்டும். வுக்கோமனோவிச்சுக்குப் பின் வந்த சுவீடன் நாட்டவரான மிக்கேல் ஸ்டாரே அதே 2024 டிசெம்பரில் நீக்கப்பட்டார். பருவ முடிவில் கேரள அணி எட்டாமிடத்தையே பெற்றது. மறுபுறத்தே தமிழகத்தின் சென்னையின் எஃப்.சி. கழகத்தைக் காண்க. 2015 இல் கிண்ணம் வென்றளித்த மார்க்கோ மற்றராசி, அடுத்த பருவத்தில் அணி ஏழாமிடத்துக்கு இறங்கிய பின் 2017 இல் விலகினார். அவர் இடத்துக்கு வந்த ஜோன் கிரகரி 2017-18 இல் மீண்டும் கிண்ணத்தை வென்றார். அதற்கடுத்த பருவத்தில் அணி பத்து அணிகளுள் இறுதியிடத்தை அடைந்தது. எனினும் கழகம் அவரை வைத்துக்கொண்டது. 2019-20 பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களில் ஒரு வெற்றியே கிட்டியதும் அவர் விலக, பின்வந்த ஓவன் கொய்ல் அதே அணியை இறுதியாட்டம் வரை இட்டுச்சென்றார்.

சென்னையை மட்டும் நோக்குபவர் மாற்றம் நன்று என்பர். கேரளத்தை மட்டும் நோக்குபவர் தீது என்பர். இருசாராரும் பின்னர் நிகழ்ந்ததை முன்னர் எடுத்த முடிவுக்கு நீதிபதியாக்குகின்றனர். பேர்னார்ட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் என்னும் மெய்யியலாளர் இருவர் 1976 இல் ‘அறம்சார் அதிர்ஷ்டம்’ என்னும் பிரச்சினையை எழுப்பினர். நம் கட்டுப்பாட்டில் இல்லாதவை நம் செயலின் மதிப்பை மாற்றிவிடுகின்றனவே, அது முறையா என்பதே அவர்தம் வினா. நாம் இங்கு கொள்ளத்தக்கது இவ்வளவே. முடிவெடுத்த நாளில் அறியக்கூடியதாயிருந்தவற்றைக் கொண்டும், எந்நோக்கத்தோடு எடுக்கப்பட்டது என்பதைக் கொண்டுமே ஒரு முடிவை நியாயமென்றோ அநியாயமென்றோ கூறலாம். வெற்றி வந்ததால் அநியாயம் நியாயமாகிவிடாது. தோல்வி வந்ததால் நியாயம் அநியாயமாகிவிடாது.

ஆயின் முடிவெடுக்கும் நாளில் எவற்றை நோக்குவது? மூன்று வினாக்கள் இன்றியமையாதன என்பது என் கருத்து. முதலாவது, அவர் இன்னும் கற்கின்றாரா? புதிய சிக்கலுக்குப் புதிய விடை தேடுபவரின் தேக்கம் இளைப்பாறுமிடமாகலாம்; எல்லாச் சிக்கலுக்கும் பழைய விடையையே தருபவரின் தேக்கம் பெரும்பாலும் உச்சியே. புள்ளிப்பட்டியல் இதனைக் காட்டாது. பயிற்சிக் களத்திற்குச் சென்று பார்ப்பவரே அறிவர். இரண்டாவது, அவருக்கு வேண்டியதை நாம் கொடுத்தோமா? கொடுக்காதவர் மாற்ற முனையும்போது, தம் குற்றத்தை இன்னொருவர் தலையிற் சுமத்தித் தாம் கைகழுவுகின்றனர். மூன்றாவது, அவருக்குப் பதிலாக வரக்கூடியவர் யார்? குறைகள் தெரிந்த ஒரு மனிதரை, குறையே இல்லாத ஒரு கற்பனை மனிதரோடு ஒப்பிடுதல் நீதியன்று. உண்மையில் வரக்கூடிய ஒருவரோடு ஒப்பிட்டே தீர்மானித்தல் வேண்டும்.

இம்மூன்றிற்கும் விடைகண்ட பின்னும் தயங்குவோருக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். இவ்விவாதத்தில் வாய்திறவாத தரப்பு ஒன்றுண்டு. அது ஆட்டக்காரர் தரப்பு. தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளே களத்தில் உண்டு. பாடசாலை மாணவனுக்கோ இரண்டு மூன்று ஆண்டுகள். எங்கள் பகுதிக் கழகத்தில் நாங்கள் நன்றியுணர்வால் மௌனமாயிருந்த ஆண்டுகளில், ஓர் அணிச் சிறுவர் வளர்ந்து, ஆட்டத்தை விட்டு, கடைகளிலும் கந்தோர்களிலும் வேலைக்கமர்ந்தனர். எங்கள் நன்றிக்கடனை அவர்களுடைய ஆண்டுகளைக் கொடுத்து அடைத்தோம். அதற்கு அவர்களிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. நன்றியின் பெயரால் நிகழும் இவ்வநீதி கண்ணுக்குத் தெரியாதது. தெரியாதது என்பதனாலேயே கொடியது.

இப்போது அறிவித்தற் பலகையின் முன் நின்றவரிடம் மீள்வோம். அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி, பதவி பறிபோனமையன்று. அவர் மாறுவதற்கு வாய்ப்பிருந்த ஆண்டுகளில் எவரும் அவரிடம் உண்மையைக் கூறாதிருந்தமையே முதல் அநீதி. கூறவேண்டிய நாளில் முகத்தைப் பார்த்துக் கூறாமை இரண்டாவது. நன்றியால் மௌனம் காத்தோம் என்றோம். உண்மையில் அது நன்றியன்று, கூச்சமே. நன்றியுடையவர் குறையைக் காலத்தோடு சொல்லியிருப்பர். சொல்லியிருந்தால் அவர் மாறியிருக்கவுங்கூடும். பலகைக்கு வேலையே இல்லாது போயிருக்கவுங்கூடும்.

ஆதலின் தேங்கிநின்ற பயிற்றுவிப்பாளரை மாற்றலாமா என்னும் வினாவுக்கு, ஆராய்ந்தபின் மாற்றலாம், சிலவேளைகளில் மாற்றியே ஆகவேண்டும் என விடையளிப்பேன். ஆனால் நன்றிக்கடன் அத்தோடு நீங்குவதில்லை. அது வேறு வடிவில் நம்மிடம் வந்து நிற்கின்றது. குறையை முன்கூட்டியே உரைத்தல், முடிவின் காரணத்தை நேரிலே சொல்லுதல், சென்றவருக்குரிய மதிப்பான இடத்தை நிலையாகப் பேணுதல் ஆகிய மூன்றும் அக்கடனின் கூறுகள். காரணத்தை அவர் முன்னிலையிற் சொல்ல நாக்கூசுமாயின், அக்காரணம் மீள ஆராயத்தக்கது என்பது பொருள்.

வெங்கருக்குப் பின்வந்த உனாய் எமெரி 2019 நவம்பரில் நீக்கப்பட்டார். அவருக்குப்பின் மிக்கெல் ஆர்ற்றெற்றா பொறுப்பேற்றார். 2022-23 முதல் தொடர்ந்து மூன்று பருவங்கள் அணி இரண்டாமிடம் பெற்றது. அக்காலத்தில், 2023 யூலையில், மைதானத்தின் வெளியே வெங்கருக்குச் சிலையொன்று எழுப்பப்பட்டது. சிலையெடுக்கும் வசதி எங்கள் கழகங்களுக்கில்லை, அது தேவையுமில்லை. ஆண்டுவிழாவில் முன்வரிசையில் ஓர் ஆசனமும், புதியவர் தம் முன்னோரின் பெயரைச் சொல்லித் தொடங்கும் ஒரு வாக்கியமும் போதுமானவை. அவற்றைச் செய்ய மறந்த கழகத்துள் நானும் ஒருவனாயிருந்தேன் என்பதை இங்கு எழுதி வைக்கின்றேன்.